37 லிட்டர் டேங்கில் 42 லிட்டர் ஏறுமா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

நாமக்கல்லில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நான்கைந்து பேராவது பெட்ரோல் பங்க் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "புத்தகத்தில் 37 லிட்டர் என்று போட்டிருக்கிறது, பங்கில் 42 லிட்டருக்குப் பணம் வாங்கிவிட்டார்கள்" என்று சிலர். "முள் அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் போட்டேன், 29 லிட்டரோடு நின்றுவிட்டது" என்று வேறு சிலர். இரண்டு பேரும் ஒரே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள்: யாரோ நம்மை ஏமாற்றுகிறார்கள்.

பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. கையேட்டில் இருக்கும் எண், நாசில் முதல் தடவை 'டக்' என்று நிற்கும்வரை ஏறும் அளவையொட்டியது. அதற்கு மேல் டேங்கின் உச்சியில், பெட்ரோல் சூடாகி விரிவதற்கும் ஆவி தங்குவதற்கும் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் கழுத்துக் குழாயும் அந்தக் கணக்கில் இல்லை. கழுத்துவரை நிரப்பினால் அறிவித்த அளவைவிட 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும் என்று இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமே சொல்லியிருக்கிறது. 37 லிட்டர் டேங்க் என்றால் 42.5 முதல் 44.4 லிட்டர் வரை. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் டேங்கைத் திறப்பது, வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுப்பது, பிளாஸ்டிக் குடத்தில் வடிப்பது எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், பத்தடி தள்ளி எரிகிற அடுப்பைத் தேடிப் பிடிக்கும். கீழே "நீங்களே பார்க்கலாம்" என்று நான் சொல்லும் எதற்கும் டேங்கைத் திறக்க வேண்டியதில்லை.

அறிகுறி 1: ரசீதில் இருக்கும் லிட்டர், கையேட்டில் இருப்பதைவிட அதிகம்

முதலில் கையேடு உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள். இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ஒரே பெயரில் வரும் கார் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 2005இல் வந்ததற்கு 43 லிட்டர், 2011இல் வந்ததற்கு 42, 2018இலிருந்து 37. பழைய வண்டியை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் தேடிப் புதிய வண்டியின் எண்ணைப் படித்தால் 5 லிட்டர் திருட்டுப் போனது போலத்தான் தெரியும். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து, தயாரித்த ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்தது கூட்டல். ரசீதில் இருக்கும் அளவோடு, பங்குக்குள் நுழைந்தபோது டேங்கில் மிச்சமிருந்ததையும் சேர்க்க வேண்டும். சிறிய கார்களில் எரிபொருள் விளக்கு எரியத் தொடங்கும்போது ஏறக்குறைய 5 முதல் 7 லிட்டர் வரை இருக்கும். விளக்கு எரிந்த பிறகு ஓட்டிய தூரத்தை உங்கள் மைலேஜால் வகுத்து அதிலிருந்து கழித்தால், மிச்சம் எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

கூட்டுத்தொகை 20 சதவீதத்துக்குள் மிஞ்சினால்

உங்கள் டேங்க் கழுத்துவரை நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். நாசில் முதல் தடவை நின்ற பிறகு, "ரவுண்டாகப் போட்டுவிடட்டுமா சார்?" என்று கேட்டு விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருப்பார்கள். அல்லது நீங்களே "கழுத்தில் தெரிகிறவரை ஊற்றுங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள்.

போன கோடையில் இதை நேரில் பார்த்தேன். எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பங்க். என் வாடிக்கையாளர் ஒருவர் அங்கிருந்து கைப்பேசியில் அழைத்து, உடனே வரச் சொன்னார். 37 லிட்டர் வண்டி, ரசீதில் 41.60. பெட்ரோல் போட்ட பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. சீருடைச் சட்டையின் கை முழங்கைவரை மடித்துவிடப்பட்டிருந்தது, கண் கலங்கியிருந்தது. சுற்றி ஏழெட்டு பேர். மேலாளர் உள்ளேயிருந்து முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கேனைக் கொண்டுவந்து, அதே நாசிலில் அந்தப் பெண்ணையே பிடிக்கச் சொன்னார். இயந்திரம் 5.00 காட்டியபோது, கேனின் கழுத்தில் இருக்கும் கண்ணாடி வழியாகப் பெட்ரோலின் விளிம்பு கோட்டுக்கு நேராக நின்றதை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நான் காரின் மூடியைத் திறந்தேன். கழுத்துக் குழாயில் விரல் நனையும் உயரத்தில் பெட்ரோல் ததும்பிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர் நல்ல மனிதர். எல்லோரும் அப்படிக் கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதே குழப்பம் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில், ஒரு நீதிபதியின் 50 லிட்டர் டேங்க் காருக்கு 57 லிட்டர் போட்டதாக ரசீது வந்து, பங்குக்கு முத்திரை வைத்த செய்தி நாடு முழுவதும் பரவியது. 50க்கு 57 என்பது 14 சதவீதக் கூடுதல். மேலே சொன்ன கணக்கில் அந்த எண் மட்டும் திருட்டுக்குச் சாட்சி ஆகாது.

கூட்டுத்தொகை 20 சதவீதத்தையும் தாண்டினால்

இப்போது இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம். வெயிலைக் காரணம் சொன்னால் ஏற்காதீர்கள். பெட்ரோல் 10 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம்தான் விரியும், 40 லிட்டரில் அது 400 மில்லி. பல லிட்டர் வித்தியாசத்தை வெயில் விளக்காது.

அங்கேயே, அப்போதே, உங்களுக்குப் போட்ட அதே நாசிலில் 5 லிட்டர் அளவுச் சோதனை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கட்டணம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட பிழை 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். 40 லிட்டரில் 4 லிட்டர் சுருட்டுகிற இயந்திரம் என்றால் கேனில் அரை லிட்டர் குறைய வேண்டும். அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 2017இல் உத்தரப் பிரதேசத்தில், இயந்திரத்துக்குள் சிப் வைத்து அளவைக் குறைத்த பங்குகள் பிடிபட்டன. அந்த மாதிரி வேலையை வேண்டும்போது நிறுத்தி வைக்க முடியும்.

அளவு குறைந்தாலோ, சோதனைக்கு மறுத்தாலோ பங்கில் இருக்கும் புகார் புத்தகத்தில் எழுதுங்கள். ரசீது, நாசில் எண், நேரம் மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் இருக்கும் முத்திரை ஆய்வாளரிடம் போகலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அழைக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை இல்லை. என்னிடம் வந்தால் நானும் அங்கேதான் அனுப்புவேன்.

அறிகுறி 2: முள் காலி என்கிறது, ஆனால் டேங்க் அளவுக்கு ஏறவில்லை

37 லிட்டர் டேங்கில் 29, 30 லிட்டரோடு நாசில் நிற்கிறது. டேங்க் சுருங்கிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

இதில் பத்துக்கு ஒன்பது வழக்குகளில் எந்தப் பழுதும் இல்லை. முள் அடிக்கோட்டைத் தொட்டாலும், 'போகக்கூடிய தூரம் 0' என்று திரையில் வந்தாலும், சில லிட்டர் உள்ளே இருக்கும். நடு ரோட்டில் நிற்க வேண்டாம் என்று வேண்டுமென்றே வைத்த சேமிப்பு அது. 37இல் 6 கழித்தால் 31. கொஞ்சம் சாய்வான தரை என்றால் 29. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

நீங்களே உங்கள் டேங்கை அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. விளக்கு எரிந்தவுடன் தூரமானியைக் குறித்துக்கொள்ளுங்கள். சமதரையான ஒரே பங்கில், ஒரே நாசிலில், முதல் 'டக்' வரை மட்டும் போடுங்கள். லிட்டரை எழுதிவையுங்கள். இப்படி மூன்று தடவை. மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டருக்குள் இருந்தால் உங்கள் டேங்க், கேஜ், விளக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அந்தச் சராசரிதான் உங்கள் வண்டிக்கு இனிமேல் பயன்படும் எண். கையேட்டு எண்ணை மறந்துவிடலாம்.

வண்டியை நிற்கும்வரை ஓட்டி முழுக் கொள்ளளவையும் பார்த்துவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் மோட்டார் டேங்குக்குள்தான் இருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோலே அதற்குக் குளிர்ச்சி தருகிறது. வற்றவிட்டு ஓட்டினால் மோட்டார் சூடாகிறது. ஒரு சோதனைக்காகச் சில ஆயிரம் ரூபாய் மோட்டாரைப் பலி கொடுத்தவர்களின் வண்டிகளை நான் பிரித்திருக்கிறேன்.

மூன்று எண்களும் தாறுமாறாக இருந்தால், 24, 31, 19 என்று வந்தால், கீழே மூன்றாவது, நான்காவது அறிகுறிகளைப் பாருங்கள். முன்பெல்லாம் 31 ஏறிய வண்டியில் திடீரென 26க்கு மேல் ஏறவே இல்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வேகத்தடையில் இடித்தோ, பஞ்சர் போடுகிறவர் ஜாக்கியைத் தவறான இடத்தில் கொடுத்தோ டேங்கின் அடி உள்ளே போயிருக்கலாம். ஒடுங்கிய டேங்க் கசியாமல் இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளே மோட்டாரும், முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையும் அந்த அடிப்பாகத்தின்மேல்தான் நிற்கின்றன.

அறிகுறி 3: பெட்ரோல் ஏற மறுக்கிறது, நாசில் நின்று நின்று போகிறது

நான்கு லிட்டர் போவதற்குள் 'டக்'. மறுபடி அழுத்தினால் இன்னொரு லிட்டர், மறுபடி 'டக்'. பின்னால் வரிசையில் ஆரன் சத்தம். இது உண்மையான பழுதாக இருக்க வாய்ப்பு அதிகமுள்ள அறிகுறி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாசிலின் முனையில் ஒரு சிறிய துளை இருக்கிறது. அதில் பெட்ரோல் பட்டால் விசை விடுபட்டுவிடும். டேங்க் நிரம்பினால் படும். டேங்க் காலியாக இருந்தும் கழுத்துக்குள் பெட்ரோல் எதிர்த்து வந்தாலும் படும். எதிர்த்து ஏன் வருகிறது என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

ஒரே பங்கில் மட்டும் இப்படி நடந்தால்

வண்டியில் பழுது இல்லை. நாசிலை முழுவதும் உள்ளே விடாமல் வாயிலேயே வைத்திருப்பார்கள், அல்லது திருப்பிப் பிடித்திருப்பார்கள். நன்றாக உள்ளே செலுத்தி, கால் வட்டம் திருப்பி, வேகத்தைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் லாரிகளுக்கென்று வேகமாகக் கொட்டும் டீசல் இயந்திரங்கள் உண்டு. அதில் டீசல் காரை நிறுத்தினால் காரின் கழுத்து அந்த வேகத்தைத் தாங்காது. டீசல் நுரைக்கவும் செய்யும், ஒரு நிமிடம் பொறுத்தால் நுரை அடங்கி இன்னும் கொஞ்சம் இறங்கும். இயந்திரத்தை மாற்றினால் போதும்.

எந்தப் பங்கிலும் இப்படி நடந்தால்

பெட்ரோல் உள்ளே போகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

மூடியைக் கழற்றியதும் பெரிதாக 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிறதா? லேசான சத்தம் இயல்புதான். ஆனால் டேங்கே 'டொங்' என்று ஒலித்தால், காற்று உள்ளே வரும் வழி மூடிக்கிடக்கிறது. இரும்பு டேங்க் உள்ள பழைய வண்டிகளில் மோட்டார் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் உள்நோக்கி ஒடுங்கியதையும் பார்த்திருக்கிறேன். மூடியின் பின்புறம் இருக்கும் ரப்பரையும் வால்வையும் பாருங்கள். உங்கள் வண்டிக்கு உரிய மூடிதானா, எங்கோ விட்டுவிட்டு வேறு மூடி வாங்கிப் போட்டதா? மூடி மாற்றச் சில நூறு ரூபாய்.

அடுத்து, கழுத்துக் குழாயோடு சேர்ந்து ஓடும் சின்ன ஹோஸ். பின்சக்கரத்துக்கு மேல் இருப்பதால் சேறு தெறித்து, கிளிப் தளர்ந்து, மடிந்து கிடக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அதற்கடுத்து வெளிக்காற்றுக் குழாய். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் பேரனைப் பார்க்க வெளிநாடு போய்த் திரும்பிய ஒருவரின் கார், பெட்ரோலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. இரண்டு இடங்களில் மோட்டார் பழுது, டேங்க் பழுது என்று சொல்லியிருந்தார்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டியான கரி கேனிஸ்டரிலிருந்து வெளியே நீளும் குழாயைக் கழற்றிக் கையில் தட்டினேன். காய்ந்த செம்மண் சுருள் சுருளாக விழுந்தது. அதற்குள் இரண்டு புழுக்களும் உலர்ந்த சிலந்தி ஒன்றும். குளவிக் கூடு. குழாயைக் கழுவி மாட்டியதும், அன்று மாலையே 30 லிட்டரை ஒரே மூச்சில் குடித்தது. நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் முதலில் இந்தக் குழாயைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஏறவில்லை என்றால் கரி கேனிஸ்டர் நனைந்துபோயிருக்கும். அது ஆவிக்கு மட்டுமே உரியது. முதல் 'டக்'குக்குப் பிறகும் திணித்துத் திணித்து ஊற்றும் பழக்கம் இருந்தால் பெட்ரோல் திரவமாகவே அதற்குள் போய்க் கரியைச் சேறாக்கிவிடும். காற்று அதன் வழியே போக முடியாது. கேனிஸ்டரைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, புதிதுதான். வண்டியைப் பொறுத்துப் பல ஆயிரம் ஆகும். ரவுண்டாகப் போட்ட ஒவ்வொரு 50 ரூபாயும் இங்கே ஒன்றுசேர்ந்து பில்லாக வந்து நிற்கிறது.

கடைசியாக, டேங்கின் தலையில் இருக்கும் வால்வு. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் தடுப்பதும், நிரம்பியதும் காற்றை மூடுவதும் இது போன்ற வால்வுகள்தான். மூடிய நிலையில் சிக்கினால் டேங்கையே இறக்க வேண்டும், சில வண்டிகளில் டேங்கோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் நல்ல பட்டறைக்கோ நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கோ போங்கள்.

அறிகுறி 4: ஃபுல் டேங்க் போட்டும் முள் உச்சிக்குப் போகவில்லை, அல்லது ஆடுகிறது

எஞ்சினை ஓடவிட்டபடியோ சாவியைப் போட்டபடியோ பெட்ரோல் போட்டீர்களா? போடவே கூடாது, அது வேறு விஷயம். சில வண்டிகளில் அப்படிப் போட்டால் முள் உடனே ஏறாது, பல கிலோமீட்டர் ஓடிய பிறகு மெல்ல மேலே வரும். மூன்று, நான்கு லிட்டர் மட்டும் போட்டாலும் சில வண்டிகளின் திரை அதைக் கணக்கில் எடுக்காது. வண்டியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

முள் உச்சியிலேயே எழுபது, எண்பது கிலோமீட்டர் ஒட்டிக்கொண்டிருந்து, பாதிக்குக் கீழே வந்ததும் வேகமாக இறங்குகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். பழுதில்லை. உள்ளே இருக்கும் மிதவை டேங்கின் உச்சியைத் தொட்டபின் அதற்கு மேல் எழும்ப முடியாது. கழுத்தில் நிற்கும் லிட்டர்கள் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. டேங்கும் சதுரப் பெட்டி இல்லை. பின்சீட்டுக்கு அடியில், அச்சுக்கும் சைலன்சருக்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்து கிடப்பது. அதனால் கால் டேங்க் காட்டும்போது உண்மையில் கால் பங்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

எப்போதும் முக்கால்வரைதான் ஏறுகிறது, மேடு பள்ளத்தில் முள் துள்ளுகிறது, ஒரு நாள் காலி மறுநாள் பாதி என்று காட்டுகிறது என்றால் மிதவையோடு இணைந்து முள்ளுக்கு அளவை அனுப்பும் சென்டர் (sender) யூனிட் தேய்ந்திருக்கிறது. முதலில் அதன் ஒயர் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும் வண்டிகள் உண்டு. இல்லையென்றால் மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்து, மிதவையைக் கையால் மெதுவாகத் தூக்கி இறக்கிப் பார்ப்பார். எண் சீராக ஏறி இறங்க வேண்டும், இடையில் விட்டு விட்டுப் போனால் சென்டரை மாற்ற வேண்டியதுதான். பல வண்டிகளில் பின்சீட்டைத் தூக்கினால் வேலை முடியும், சிலவற்றில் டேங்கை இறக்க வேண்டும். கூலி வித்தியாசம் அங்கேதான் வருகிறது. வேலையை ஒப்படைக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டு மீட்டரையே மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மீட்டரில் மற்ற முட்கள் ஒழுங்காக இருந்து இது மட்டும் பிசகினால், குற்றம் பெரும்பாலும் டேங்குக்குள்தான் இருக்கிறது.

அறிகுறி 5: கால் டேங்க் காட்டும்போதே வண்டி நின்றுவிட்டது

இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். நெடுஞ்சாலையில் நின்றால் உயிருக்கு ஆபத்து.

மலையேற்றத்தில் நின்றதா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, முக்கியமாகக் கால் டேங்குக்குக் குறைவாக இருக்கும்போது, பெட்ரோல் ஒரு பக்கமாகச் சரிந்து மோட்டாரின் வாயைவிட்டு விலகிவிடும். எஞ்சின் இருமும், நிற்கும். சமதரைக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். இது பழுதில்லை. மலையடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டும் முன்பே அரை டேங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சமதரையில் நின்றது என்றால், முதல் வேலையாக 5 லிட்டர் போட்டுப் பாருங்கள். உடனே ஓடினால் டேங்க் உண்மையில் காலியாகத்தான் இருந்திருக்கிறது, முள் பொய் சொல்லியிருக்கிறது. மேலே நான்காவது அறிகுறிக்குப் போங்கள். 5 லிட்டர் போட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார், அதன் ஃபியூஸ், ரிலே, அல்லது அடியில் இருக்கும் வலை அடைப்பு. சாவியைப் போட்டவுடன் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியில் தொடங்குங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தும் சத்தம் இல்லை என்றால் வண்டியை இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள சில வண்டிகளில் டேங்க் குதிரைச் சேணம் போல இரு மடியாக இருக்கும். ஒரு மடியிலிருந்து மறுமடிக்குப் பெட்ரோலை இழுத்துத் தரும் அமைப்பு கெட்டால், ஒரு பக்கம் நிறைய இருந்தும் வண்டி பட்டினியில் நிற்கும். அந்த வேலை தெரிந்த இடத்தில் மட்டும் கொடுங்கள்.

அறிகுறி 6: ஃபுல் டேங்க் போட்ட பிறகு பெட்ரோல் வாடை, அல்லது ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது

வாடை அரை மணி நேரத்தில் போய்விட்டால், நாசிலை எடுக்கும்போது சிந்தியதாக இருக்கும். மூடியை 'கிரிக் கிரிக்' என்று சத்தம் வரும்வரை திருகினீர்களா என்று பாருங்கள்.

ஃபுல் டேங்க் போடும்போது மட்டும் வாடை வந்து, பாதியாகக் குறைந்ததும் நின்றுவிடுகிறது என்றால் டேங்கின் மேல்பகுதியில் கசிவு. கழுத்து ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது மோட்டாரை வெளியே எடுத்து மாட்டியவர் பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டிருப்பார். நிறுத்திய இடத்தில் சொட்டு தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ நிறுத்தாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பெட்ரோல் போட்டுவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் மட்டும் திணறி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஓடுகிறது என்றால், கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயை அந்த வால்விலிருந்து கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சக் கூடாது. தொடர்ந்து உறிஞ்சினால் வால்வு போய்விட்டது. கேனிஸ்டரை மாற்றும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், இது அதைவிட மலிவு.

கோடையில் ஃபுல் டேங்க் போட்டால் வண்டி வெடிக்கும் என்று ஆண்டுதோறும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இந்தியன் ஆயில் பெயரிலேயே வரும். அந்த நிறுவனம் அதை மறுத்துவிட்டது. நிறுவனம் குறிப்பிட்ட அளவுவரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம். அதற்காகத்தான் உச்சியில் அந்த வெற்றிடம். அந்த வெற்றிடத்தையும் நீங்களே நிரப்பிவிட்டு, பங்கில் இருந்து நேராக வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் விரியும் பெட்ரோலுக்குப் போக இடமின்றிக் கேனிஸ்டருக்குள் இறங்கும்.

அறிகுறி 7: சிஎன்ஜி 60 லிட்டர் என்றார்கள், 9 கிலோவுக்கு மேல் ஏறவில்லை

60 லிட்டர் என்பது சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் அளவு. அதில் வாயு 8, 9 கிலோதான் நிற்கும். நிரப்பும் நிலையத்தில் அழுத்தம் குறைந்திருந்தாலோ, வேகமாக ஏற்றிச் சிலிண்டர் சூடாகியிருந்தாலோ இன்னும் குறையும். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சிலிண்டரிலும் அதன் குழாய்களிலும் நீங்களோ சாதாரண மெக்கானிக்கோ கை வைக்கக் கூடாது.

பட்டறைக்கு வரும்போது

கடைசி மூன்று ரசீதுகள், ஒவ்வொரு தடவையும் முள் எங்கே இருந்தது, நாசில் எத்தனை தடவை நின்றது, அதே பங்கா வேறு பங்கா: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அரை நாள் சோதனையை அந்தத் தாள் மிச்சப்படுத்தும். ஃபுல் டேங்கோடு மட்டும் வராதீர்கள். டேங்கை இறக்க வேண்டியிருந்தால் முதலில் அத்தனை பெட்ரோலையும் வடிக்க வேண்டும். கால் டேங்குக்குள் இருந்தால் காலையில் விட்ட வண்டியை மாலையில் எடுத்துக்கொண்டு போகலாம்.